தேவாலா, பந்தலூர் பகுதியில் தங்கச் சுரங்கங்கள் இருந்தன என்பது உண்மையா? இன்று உள்ளே சென்று பார்க்கலாமா?

உண்மைதான். ஆனால் இதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர், யாரோ ஒருவர் கைவிளக்கோடு குகைக்குள் நுழைந்து எடுத்த காணொளியைப் பார்த்துவிட்டு, வார இறுதியில் நண்பர்களோடு வந்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். தாங்களும் அப்படித்தான் என்று கொண்டே எழுதுகிறேன். நான் வரலாற்று ஆய்வாளன் அல்லன்; அந்தக் குழிகளுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவன்.

தென்கிழக்கு வயநாடு எனப்படும் இப்பகுதி 1877-இல் மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இங்குள்ள பழங்குடியினரான குறும்பர்கள் ஓடை மணலை மரவையில் அரித்துப் பொன் எடுத்துவந்தார்கள். 1879-இல், ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலராக இருந்த பிராஃப் ஸ்மித் என்பவரை அரசு வரவழைத்தது. 1880-இல் அவருடைய அறிக்கை வெளிவந்தபோது இலண்டன் பங்குச் சந்தையில் வயநாட்டுப் பொன் என்பதே பேச்சாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் தோன்றின. அவற்றின் மொத்த மூலதனம் ஏறத்தாழ 50 இலட்சம் பிரிட்டிஷ் பவுண்டு. அப்பணத்தின் பெரும்பகுதி நிலத்தடிக்குப் போகவே இல்லை. நோய் தாக்கி விலைபோகாமல் கிடந்த காப்பித் தோட்டங்களைத் தங்க வயல் என்று சொல்லிப் பன்மடங்கு விலைக்கு விற்றவர்களின் கைக்கே அது போயிற்று. கல்லில் எவ்வளவு பொன் இருக்கிறது என்று தெரியும் முன்பே கல் இடிக்கும் இயந்திரங்களை மலையேற்றினார்கள். மேலே மக்கிக் கிடந்த வெங்கச்சங்கல்லில் (குவார்ட்ஸ்) எளிதாகப் பிரிந்த பொன், ஆழத்தில் கந்தகம் கலந்த தாதுவோடு சிக்கிக்கொண்டது. அதுவும் டன்னுக்குச் சில கிராம்தான். 1883 வாக்கில் எல்லாம் அடங்கிவிட்டது. 1901-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹேடனும் ஹாட்ச்சும் மீண்டும் ஆய்ந்து, இலாபம் இல்லை என்று எழுதியதோடு கதை முடிந்ததாகப் புத்தகங்களில் இருக்கும்.

எங்களுக்கு அது முடியவில்லை. இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தோட்டக் கூலி போதாத மாதங்களில் என் தாய்மாமா அந்தப் பழைய குழிகளில் இறங்குவார். அது சட்டவிரோதம் என்பது அவருக்கும் தெரியும். நான் அதை நியாயப்படுத்துகிறேன் என்று பின்னூட்டத்தில் எழுத வருபவர்கள் சற்றுப் பொறுத்து முழுவதையும் படிக்கவும்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் என்னையும் அழைத்துப்போனார். கயிற்றைப் பிடித்து இருபது அடி இறங்கி, குனிந்தபடி பக்கக் குகைக்குள் போனோம். மாமா கையில் மெழுகுவர்த்தி வைத்திருந்தார். வெளிச்சத்துக்கு என்று எண்ணியிருந்தேன். சிறிது தூரத்தில் சுடர் சுருங்கி நீலமாயிற்று. மாமா ஒரு சொல்லும் பேசாமல் என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். வெளியே வந்த பிறகுதான், "காத்து செத்துப்போச்சு மருமகனே" என்றார். அப்படி உயிர்வளி குறைந்து செத்த காற்றில் மூச்சடைத்து இறந்தவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு.

மறுநாள் வேறொரு குழியில் கல் எடுத்தோம். மூன்று நாள் இடித்துப் பொடியாக்கி, அரித்து, பொன்னைப் பற்றிக்கொள்ளும் பாதரசம் சேர்த்துப் பிசைந்து, துணியில் பிழிந்து, எஞ்சிய உருண்டையை இரும்புக் கரண்டியில் வைத்து, அம்மா சோறு ஆக்கும் அதே அடுப்பில் சுட்டோம். அந்தப் பாதரசப் புகை நஞ்சு என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. கிடைத்தது தீக்குச்சித் தலையளவு பொன். வாங்கிய கடைக்காரர் அழுக்குக் கழிவு என்று எடையில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டார். மீதிப் பணத்தில் எனக்குப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்கள் வந்தன. மாமாவுக்குப் பிற்காலத்தில் கை நடுங்கியது. காரணம் பாதரசம்தான் என்று மருத்துவர் எவரும் எழுதித் தரவில்லை என்பதால் நானும் அடித்துச் சொல்லவில்லை.

என் வருத்தம் காணொளிக்காரர்கள் மீது. அவர்கள் எங்களைத் 'தங்கத் திருடர்கள்' என்கிறார்கள். இல்லாத பொன்னைக் காட்டி 50 இலட்சம் பவுண்டு திரட்டியவர்களை 'முன்னோடிகள்' என்கிறார்கள். மாமா ஆயுளுக்கும் எடுத்த பொன் ஒரு தாலிக்குக் காணாது.

உள்ளே செல்லலாமா என்று கேட்டீர்கள், கூடாது. குழிகளின் வாயைப் பெரணியும் உண்ணிச்செடியும் மூடியிருப்பதால் விளிம்பு எங்கே இருக்கிறது என்று பகலிலும் தெரியாது. தென்மேற்குப் பருவமழையில் மண் இளகிக் குகைகள் தாமாகவே சரியும். யானைகளும் அவ்வழியே நடமாடுகின்றன. சாலையில் நின்று தேயிலைச் சரிவைப் பாருங்கள்; நடுவில் காரணமின்றிப் புதர் மண்டிய வட்டங்கள் தெரியும். அவற்றுள் பல அந்தக் குழிகள்தாம்.