யான் சிக்ஸ் உருவப்படத்தின் இருளைப் பார்ப்பது பற்றி

வணக்கம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தன் நண்பர் யான் சிக்ஸை வரைந்து 1647-இல் எட்சிங் என்னும் அச்சு முறையில் உருவாக்கிய உருவப்படத்தில் முகம் தவிர மற்றதெல்லாம் வெறும் கறுப்பாகவே தெரிவதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கறுப்பிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். எட்சிங்கில், செப்புத் தகட்டின் மெழுகுப் பூச்சை ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலத்தால் அரிக்கவிட்டு, அந்தப் பள்ளத்தில் தங்கும் மையைத் தாளில் இறக்குவதால்தான் கோடு பிறக்கிறது. ஆகவே இங்கே இருள் என்பது குறுக்கும் நெடுக்குமாக நெருங்கிய கோடுகளின் அடர்த்தி, ஒளி என்பது கோடு படாத தாளின் வெண்மை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் கறுப்பு மெல்லிய வலையாகப் பிரியும். பிறகு முகத்துக்கு வாருங்கள். சன்னல் சிக்ஸுக்குப் பின்னால் இருந்தும், அவர் கையில் வைத்துப் படிக்கும் தாளில் பட்டுத் திரும்பும் ஒளியால் அம்முகம் மென்மையாகத் துலங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.