சீட்டுக்கு அடியில் தொங்கும் பை: சைக்கிள் ஓட்டுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

சென்னையிலிருந்து பல வருடங்களாக நெடுந்தூரம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பஞ்சர் போடச் சொல்லித் தருவதும் நான்தான். கருவிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

அண்ணா, முதல் கியர் சைக்கிள் வாங்கிவிட்டேன். கையில் நாலாயிரம் ரூபாய் மிச்சம். கடையில் ஜெர்சி, கூலிங் கிளாஸ், மொபைல் ஹோல்டர் என்று காட்டுகிறார்கள். எதை முதலில் வாங்குவது? (தாம்பரம்)

அவற்றில் எதுவும் இப்போது வேண்டாம். முதலில் ஹெல்மெட். அடுத்து பின்பக்கத்துக்குச் சிவப்பு விளக்கு, முன்பக்கத்துக்கு வெள்ளை விளக்கு. அப்புறம் பஞ்சருக்கு வேண்டியவை: ஸ்பேர் ட்யூப் ஒன்று, டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்கும் லீவர் இரண்டு, ஒட்டு போடும் செட், சைக்கிளோடு எடுத்துப் போகும் சின்னப் பம்ப். 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ (ஆறு பக்கக் குழி உள்ள போல்ட்டைத் திருகுவது) உள்ள மடக்குக் கருவி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். விலை பார்த்து வாங்கினால் நாலாயிரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

கடைக்குப் போகும் முன் உங்கள் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் அளவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 700x28 டயருக்கும் 27.5x2.1 டயருக்கும் ட்யூப் வேறு வேறு.

பம்ப் வாங்கினேன், என் ட்யூபில் பொருந்தவே மாட்டேன் என்கிறது. பம்ப் பழுதா? (கோவை)

பம்பில் தவறு இருக்காது, வால்வு வேறாக இருக்கும். நம் ஊரில் மூன்று வகை புழங்குகிறது. பழைய கட்டை சைக்கிளில் இருப்பது, உள்ளே வால்வ் ட்யூப் என்ற சின்ன ரப்பர் குழாய் மாட்டியது. இரண்டாவது ஸ்ரேடர், பைக்கிலும் காரிலும் இருக்கும் அதே தடித்த வால்வு. மூன்றாவது பிரெஸ்டா, மெல்லியதாக, நுனியில் குட்டி நட்டுடன் இருக்கும். அந்த நட்டைத் திருகித் தளர்த்தி, விரலால் ஒருமுறை அழுத்திவிட்டால்தான் காற்று ஏறும். புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பிரெஸ்டாவை ஸ்ரேடராக மாற்றும் பித்தளை அடாப்டர் மிக மலிவாகக் கிடைக்கும். ஒன்றை வால்விலேயே மாட்டி வைத்தால் பெட்ரோல் பங்க்கிலும் காற்று அடிக்கலாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் ரோட்டோரம் முழுக்கச் சீமைக்கருவேலம்தான். ஒரே வாரத்தில் நாலு பஞ்சர். ஒட்டு போட்ட மறுநாளே மறுபடியும் இறங்குகிறது. டயரை மாற்றிவிடவா? (ராமநாதபுரம்)

அவசரப்பட வேண்டாம். மறுநாளே இறங்குகிறது என்றால் முள் இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். சீமைக்கருவேல முள் குத்திய பிறகு வெளிப்பக்கம் உடைந்துவிடும். நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கி, சைக்கிள் ஓட ஓட உள்ளே நகர்ந்து புது ட்யூபையும் குத்தும்.

அதனால் ட்யூபைக் கழற்றியதும் ஒட்டு போட உட்காராதீர்கள். முதலில் ட்யூபில் காற்றடித்து ஓட்டையைத் தேடுங்கள். தண்ணீர் இல்லையென்றால் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து மெதுவாகச் சுற்றினால் காற்று வருவது தெரியும். பிறகு ட்யூபின் வால்வை டயரில் அது இருந்த இடத்துக்கு நேராக வைத்துப் பாருங்கள். ஓட்டைக்கு நேரே டயரில் எந்த இடமோ, முள் அங்கேதான். இதற்காகவே நான் டயரில் பிராண்ட் பெயர் உள்ள இடம் எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுவேன். வெறும் விரலால் தடவ வேண்டாம், பழைய துணியை உள்ளே ஓட்டினால் முள் இருக்கும் இடத்தில் மாட்டும். டயரை வெளிப்பக்கமாக மடக்கி, சேஃப்டி பின்னைக் கொண்டு உள்ளிருந்து தள்ளி எடுங்கள்.

ஓட்டையின் இடமே காரணத்தையும் சொல்லிவிடும். ரோட்டைத் தொடும் பக்கம் என்றால் முள், கண்ணாடி, கம்பி. பாம்பு கடித்ததுபோலப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக இருந்தபோது குழியில் இறங்கி, குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கியிருக்கிறது. ரிம்மைப் பார்த்த உள்பக்கம் என்றால் ஸ்போக் ஓட்டைகளை மூடியிருக்கும் பட்டையான ரிம் டேப் விலகி, ஸ்போக் ஓட்டையின் விளிம்பு அறுத்திருக்கும்.

இனி ஒட்டு. உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, பளபளப்பு போய்த் தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயும் வரை காத்திருங்கள். ஐந்து நிமிடம் ஆகும். ஈரத்திலேயே ஒட்டுவதால்தான் பாதி ஒட்டுகள் பிரிகின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை திறந்த சொல்யூஷன் ட்யூப் சில மாதங்களில் தானே காய்ந்துபோகும். மரக்காணம் தாண்டி உப்பளத்துப் பக்கம் எனக்கு இரண்டாவது பஞ்சர் ஆனபோது ஸ்பேர் ட்யூப் தீர்ந்திருந்தது, பையில் இருந்த சொல்யூஷனும் கல்லாக இருந்தது. பகல் வெயிலில் நடந்துதான் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து திறக்காத சொல்யூஷன் ட்யூப் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.

உங்கள் ஊர் முள்ளுக்கு டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே வைக்கும் பட்டை நல்ல துணை. வண்டி கொஞ்சம் கனமாகத் தெரியும், பரவாயில்லை. ட்யூப்லெஸ் ரிம், டயர் என்றால் உள்ளே ஊற்றும் சீலன்ட் முள் ஓட்டையை உடனே அடைத்துவிடும். ஆனால் நம் வெயிலுக்கு அது சீக்கிரம் வற்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றுங்கள்.

அக்காவுக்கு ஸ்கூலில் கொடுத்த சைக்கிளைத்தான் இப்போது நான் ஓட்டுகிறேன். கியர் இல்லை. இதற்கும் இவ்வளவு கருவி தேவையா அண்ணா? (அரியலூர், பிளஸ் டூ மாணவி)

இவ்வளவு தேவையில்லை தங்கச்சி. ஆனால் உங்கள் சைக்கிளில் இருக்கும் ஒரு வசதி கியர் சைக்கிள் வைத்திருக்கும் பலருக்கே தெரியாது. பஞ்சர் போடச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். சைக்கிளை ஒரு பக்கம் சாய்த்து, டயரின் ஒரு ஓரத்தை மட்டும் லீவரால் நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து ஒட்டு போட்டு உள்ளே தள்ளிவிடலாம். ரோட்டோரப் பஞ்சர் கடைக்காரர் செய்வதைப் பக்கத்தில் நின்று ஒருமுறை பாருங்கள், வந்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது லீவர் இரண்டு, ஒட்டு செட், வால்வ் ட்யூப் இரண்டு துண்டு, பல அளவு வாய் உள்ள தட்டையான சைக்கிள் ஸ்பேனர். வீட்டில் ஒரு கால் பம்ப் இருந்தால் போதும். பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். சாயங்காலம் டியூஷன் முடிந்து இருட்டில் திரும்புவீர்கள் என்றால் பின்பக்கச் சிவப்பு விளக்கைக் கட்டாயம் வீட்டில் கேட்டு வாங்குங்கள். துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு ஏறுங்கள், சக்கரத்தில் மாட்டினால் பெரிய ஆபத்து.

தம்பி, நாற்பது வருஷமாக செயினுக்குத் தேங்காய் எண்ணெய்தான் விடுகிறேன். பேரனின் கியர் சைக்கிளுக்கும் விட்டேன், அவன் சண்டைக்கு வருகிறான். யார் சொல்வது சரி? (தஞ்சாவூர்)

பேரன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது ஐயா. தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகி, மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பழைய சைக்கிளின் தடித்த செயின் அதைத் தாங்கும். கியர் செயின் மெல்லியது, அந்த மண்ணே அரம்போலத் தேய்க்கும்.

செயினுக்கென்றே விற்கும் எண்ணெயை வாங்குங்கள். வெயில் காலத்துக்கு டிரை வகை, ஐப்பசி கார்த்திகை மழைக்கு வெட் வகை. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, கொஞ்ச நேரம் ஊறட்டும், பிறகு வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது கண்ணிக்கு உள்ளேதான். டபிள்யூடி-40 என்று கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்ப்ரே துரு விடுவிக்க நல்லது, செயினில் நிற்காது.

பேரனிடம் ஸ்கேல் இருக்கும். புது செயினில் ஒரு பின்னில் ஸ்கேலை வைத்து, அதை விட்டு அடுத்ததிலிருந்து எண்ணினால் இருபத்துநாலாவது பின் வரை சரியாக 12 அங்குலம். அது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டால் பின்சக்கரத்துப் பல்லும் தேய்ந்து, இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டி வரும்.

டயரில் அதிகபட்சம் 115 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது. அவ்வளவும் அடிக்கிறேன், முதுகு வலிக்கிறது. (ஈசிஆர் ஓட்டுபவர், 70 கிலோ, 28 டயர்)

அது தாண்டக் கூடாத எல்லை. உங்கள் எடைக்கு 70 பிஎஸ்ஐ பக்கம் ஆரம்பித்து, முன்சக்கரத்தில் ஐந்து குறைத்துப் பாருங்கள். அளவு காட்டும் மீட்டர் உள்ள நின்றபடி அடிக்கும் பம்ப் வீட்டில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது பாருங்கள், ட்யூப் தானாகவே காற்றை இழக்கும்.

ஹெல்மெட் உள்ளே வெறும் தெர்மோகோல்தானே? அதற்கு ஏன் இவ்வளவு விலை? (மதுரை)

அந்த நுரைதான் உங்களைக் காப்பாற்றும் பகுதி. அடிபடும்போது அது நசுங்கி, தலைக்குப் போகும் வேகத்தைக் குறைக்கிறது. நசுங்கினால் பழைய நிலைக்கு வராது. அதனால் ஒருமுறை தலை மோதி விழுந்தால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். விலை அதிகமானதே வாங்க வேண்டுமென்று இல்லை. உள்ளே இஎன் 1078 (EN 1078, ஐரோப்பியத் தரம்) அல்லது சிபிஎஸ்சி (CPSC, அமெரிக்கத் தரம்) என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக உட்கார வேண்டும். தொப்பியைப்போலப் பின்னால் தள்ளிப் போட்டிருப்பவர்களைக் காலையில் நிறையப் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை. நெற்றி முழுக்கத் திறந்து கிடக்கிறது.

டார்க் ரெஞ்ச் வாங்கலாமா? (பெங்களூரு)

போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர் அது. கார்பன் ஃபிரேமோ கார்பன் ஹேண்டில்பாரோ இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.

அடுத்த மாதம் என்னுடைய முதல் 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்டப்போகிறேன். பையில் என்ன வைப்பது? (வேளச்சேரி)

பதின்மூன்றரை மணி நேரம் இருக்கிறது, பயப்படாதீர்கள். வழியில் உதவிக்கு வண்டி வரக் கூடாது என்பது விதி. அதனால் உடைவது எதுவோ அதை நீங்களே சரிசெய்யும் அளவுக்குப் பொருள் வேண்டும். ட்யூப் இரண்டு, ஒட்டு செட், லீவர், பம்ப். செயின் அறுந்தால் பின்னைத் தள்ளும் கருவி சேர்ந்த மடக்குக் கருவி. அறுந்த செயினை மறுபடி இணைக்க, உங்கள் கியருக்குப் பொருந்தும் குவிக் லிங்க் என்ற கண்ணி, எட்டு ஸ்பீடுக்கானது பத்துக்கு வராது. கண்ணாடி கிழித்து டயரில் பிளவு விழுந்தால் உள்ளே வைக்கப் பழைய டயரில் வெட்டிய ஒரு துண்டு. கேபிள் டை நான்கு. ஓஆர்எஸ் பொட்டலம், சில்லறைப் பணம்.

விடியும் முன் கிளம்பினால் முன் விளக்கு முந்நூறு நானூறு லூமன் இருக்கட்டும். குழி தெரிய வேண்டும். பின் விளக்கைப் பை மறைக்கிறதா என்று சைக்கிளுக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஒளிரும் மேல்சட்டையோடு கணுக்காலிலும் ஒளிரும் பட்டை கட்டுங்கள். மேலும் கீழும் ஆடும் கால் லாரிக்காரர் கண்ணில் சீக்கிரம் படும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பையை அப்படியே எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். பின்சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டு, பையில் இருப்பதை மட்டும் வைத்து ட்யூபை மாற்றிப் பாருங்கள். முதல்முறை நாற்பது நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.