மருமகள் எங்கே, முந்திரிக்கொத்து எதற்கு?

கேள்வி: நான் விடாமல் பார்க்கும் ஒரு நாகர்கோவில் யூடியூப் குடும்பத்தின் கிறிஸ்துமஸ் வீடியோவில் மூத்த மருமகளைக் காணோம். வீட்டில் சண்டை என்று பார்ப்பவர்கள் எல்லாம் எழுதுகிறார்கள். அதில் வரும் முந்திரிக்கொத்தைப் பார்த்து, அது தீபாவளிப் பலகாரம்தானே, கிறிஸ்துமஸுக்கு எதற்கு என்றும் கேட்கிறார்கள். உண்மையா?
- வாசகி, மதுரை

பதில்: அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? கேமராவைப் பிடித்தவரே அவராக இருக்கலாம், அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு வீடியோவில் முகம் தெரியவில்லை என்பதற்காக ஒரு பெண்ணின் குடும்பமே உடைந்ததாக எழுதுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது, அதையெல்லாம் அவரும் படிப்பார், அவரைப் பெற்றவர்களும் படிப்பார்கள்.

சரி, பலகாரத்துக்கு வருவோம். குமரி மாவட்டத்தில் தீபாவளி, கிறிஸ்துமஸ், கல்யாணம் எதுவானாலும் முந்திரிக்கொத்து உண்டு. பெயரைப் பார்த்து முந்திரிப்பருப்பைத் தேடாதீர்கள். உள்ளே இருப்பது வறுத்துப் பொடித்த சிறுபயறும் தேங்காயும் ஏலக்காயும், வெல்லப்பாகில் சேர்த்துச் சூடு ஆறுவதற்குள் உருட்டியது. அந்த உருண்டைகளை மூன்று மூன்றாக அரிசிமாவுக் கரைசலில் முக்கிப் பொரித்தால் திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொள்ளும், பக்கத்திலிருக்கும் மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சைதான். பல நாள் கெடாது என்பதால் பண்டிகைக்கு முன்பே சுட்டு வைத்துவிடலாம்.

அப்புறம், அந்த வீட்டுப் பாட்டிக்கு அச்சுமுறுக்கு அச்சிலேயே ஒட்டிக்கொண்டதைச் சிலர் கேலி செய்திருந்தார்களாம். எண்ணெயில் அச்சு நன்றாகச் சூடாகாவிட்டால் யார் சுட்டாலும் ஒட்டத்தான் செய்யும். மாவிலும் அச்சை முழுக்க முக்கக் கூடாது, முக்கால் பாகம் போதும்.