பழைய கேசிங்குக்குள் புதிய கணினி: கேள்வி-பதில்

கேள்வி: அப்பா 2005 இல் வாங்கிய கணினியின் கேசிங் இன்னும் உறுதியாக இருக்கிறது. அதற்குள் புதிய பாகங்களைப் பூட்டலாமா? (மாணவன், உப்புவெளி)

பதில்: தாராளமாகப் பூட்டலாம். இன்று மலிவாகக் கிடைக்கும் கேசிங்குகளின் தகடு விரலால் அழுத்தினாலே நெளிகிறது. அப்பாவின் பெட்டியை எறிந்துவிடாதீர்கள். ஏ.டி.எக்ஸ் என்ற அளவுமுறை 1995 இல் வந்தது. மதர்போர்ட்டை, அதாவது எல்லாப் பாகங்களும் பொருந்தும் பிரதான பலகையை (சுருக்கமாகப் போர்ட்), பூட்டும் துளைகளின் இடம் அன்றிலிருந்து மாறவில்லை. 244 மில்லிமீற்றர் சதுரமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ் போர்ட்டாக வாங்குங்கள். கை நுழையவும் வயர்களை ஒதுக்கவும் இடம் மிஞ்சும்.

கடைக்குப் போகுமுன் அடிமட்டத்தை எடுத்து இரண்டு இடங்களை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, போர்ட் தட்டிலிருந்து பக்க மூடிவரை உள்ள உயரம். கணினியின் மூளையான பிராசசரைக் குளிர்விக்க அதன்மேல் பூட்டும், கோபுரம் போன்ற பெரிய கூலர்கள் 150 மில்லிமீற்றரைத் தாண்டும். பழைய பெட்டியில் மூடி மூடாது. மற்றது, பின்பக்கத் தகட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் கூடுவரை உள்ள நீளம். திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டுகள் பல இன்று 280, 300 மில்லிமீற்றர் நீளமானவை, அந்தக் கூட்டில் முட்டி நிற்கும். ஒற்றை விசிறியுள்ள குட்டையான கார்டைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய போர்ட்டைக் கழற்றியதும் அதைத் தாங்கிய பித்தளைக் கால்களைப் பாருங்கள். புதிய போர்ட்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு கால் நின்றாலும் அது போர்ட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டு ஷோர்ட் ஆக்கிவிடும். முன்பக்கப் பவர் விளக்கின் வயர் பழைய பெட்டிகளில் மூன்று துளை முனையோடு வரும். புதிய போர்ட்டில் இரண்டு பின்தான் இருக்கும். முனையின் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் மெல்லத் தூக்கினால் ஓரத்து வயர் ஒன்று கழன்று வரும், அதை நடுத்துளைக்கு மாற்றிச் செருகுங்கள். கடைசியாகக் காற்று. பின்பக்கத்து ஒற்றை 80 மில்லிமீற்றர் விசிறி நம்மூர் கச்சான் காற்றின் வெக்கைக்குப் போதாது. முன்பக்கத்தில் 120 மில்லிமீற்றர் துளை ஒன்றை இரும்பு ஒட்டுவேலைக் (வெல்டிங்) கடையில் வெட்டுவித்துக்கொள்ளுங்கள். பாகங்கள் எதுவும் உள்ளே இல்லாதபோது வெட்டவேண்டும். இரும்புத்தூள் ஒரு துகள் போர்ட்டில் விழுந்தாலும் கேடுதான்.

கேள்வி: இன்டெல் ஐ3-12100எஃப் பிராசசர் வாங்கிப் பூட்டினேன். விசிறி சுற்றுகிறது, திரையில் எதுவும் வரவில்லை. கிராபிக்ஸ் கார்ட் இல்லை. பிராசசர் பழுதா? (பாலையூற்று)

பதில்: பழுதில்லை. பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்ட் வாங்குங்கள் அல்லது எஃப் இல்லாததாக மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: அலுவலகம் ஒன்று ஏலத்தில் விற்ற பெயர்பெற்ற நிறுவனக் கணினியின் கேசிங் மலிவாகக் கிடைத்தது. புதிய போர்ட் பொருந்துமா? (தம்பலகாமம்)

பதில்: பெரும்பாலும் பொருந்தாது. அந்த நிறுவனங்கள் பவர் சப்ளையின் வடிவத்தையும் முன்பக்க வயர் முனையையும் தங்கள் போர்ட்டுக்கென்றே செய்கின்றன. 2005ஐ அண்டிய சிலவற்றில் போர்ட் எதிர்ப்பக்கச் சுவரில் நிற்கும். விற்றுவிடுங்கள்.

கேள்வி: பழைய கேசிங்கோடு வந்த பவர் சப்ளையில் 500 வாட் என்று எழுதியிருக்கிறது. புதிய கணினிக்கு அது போதும் என்கிறார் கடைக்காரர். (ஆசிரியை, கின்னியா)

பதில்: போதாது, ஆசிரியையே. அந்த எண்ணை நம்பி எத்தனை பேர் போர்ட்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் பறிகொடுத்திருக்கிறார்கள் என்பதை எனக்கு வரும் கடிதங்கள் சொல்கின்றன. பவர் சப்ளையின் பக்கத்தில் ஒட்டிய அட்டவணையில் +12 வோல்ட் என்ற கட்டத்தைத் தேடுங்கள். அதற்குக் கீழே எத்தனை அம்பியர் என்று இருக்கும். அதை 12 ஆல் பெருக்குங்கள். 16 அம்பியர் என்றால் 192 வாட், அவ்வளவுதான். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அந்த 12 வோல்ட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. பழைய பவர் சப்ளைகள் 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் வாரிக் கொடுத்து, தேவையான இடத்தில் வறண்டிருக்கும். தவிர, புதிய போர்ட்டுக்குப் போதாத 20 பின் முனையும், இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு வேண்டிய சாட்டா முனை இல்லாத வயர்களும், ஆண்டுக்கணக்கில் சூடுபட்டு ஊதிய கப்பாசிற்றர்களும் அதில் இருக்கக்கூடும்.

நானும் முன்பு ‘600 வாட்’ ஒன்றை நகரத்துக் கடையொன்றில் வாங்கினேன். கையில் எடுத்தால் பாரமே இல்லை. சில மாதங்களில் கருகியது. திருத்துபவர் அதைத் திறந்து காட்டினார்: மின் இரைச்சலை வடிகட்டும் சுருள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டு ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். ஒரு குடும்பத்தின் சேமிப்பைச் சுமக்கும் பெட்டிக்குள் வேண்டுமென்றே செய்த களவு அது. எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நீங்கள் அப்படி எதையும் வீட்டில் திறந்து பார்க்கவேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மின்சாரத்தை அதிகம் வீணாக்காதது என்று காட்டும் 80 பிளஸ் முத்திரையுள்ள, அட்டவணையில் 12 வோல்ட் கணக்கு மேலே எழுதிய வாட்டோடு ஒழுங்காகப் பொருந்துகிற ஒன்றை வாங்குங்கள். மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். இரண்டு பின் அடாப்டரில் கணினியைச் செருகுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எர்த் இல்லாத இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்பது அதனால்தான்.

கேள்வி: எச்110 போர்ட்டுக்கு ஐ5-8400 பிராசசர் வாங்கிவிட்டேன். பிராசசர் உட்காரும் சொக்கெட் இரண்டுக்கும் 1151தானே, ஏன் ஓடவில்லை? (சீனக்குடா)

பதில்: சொக்கெட்டின் பெயர் ஒன்று, மின்னிணைப்பு வேறு. ஐ5-8400 எட்டாம் தலைமுறை, அதற்கு 300 வரிசைப் போர்ட் வேண்டும்; எச்110 பழைய 100 வரிசை. போர்ட் நிறுவனத்தின் தளத்தில் எந்தப் பிராசசர்கள் ஓடும் என்ற பட்டியல் இலவசமாக இருக்கிறது. அதைப் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு எனக்கு எழுதுபவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: மகன் தாத்தாவின் பழைய கேசிங்கில் தானே கணினி பூட்டுகிறான். முகநூல் விளம்பரம் பார்த்து அவனுக்கு ஜி.டி.எக்ஸ் 1050 டிஐ கார்ட் வாங்கிக் கொடுத்தேன். படம் நின்று நின்று ஓடுகிறது. விற்றவர் இப்போது அழைப்பை எடுப்பதில்லை. தையல் வேலையில் சேர்த்த காசு. (தாய், மூதூர்)

பதில்: அம்மா, உங்கள் மீதும் பிள்ளை மீதும் பிழை இல்லை. இது பழைய ஜி.டி.எக்ஸ் 550 டிஐ போன்ற கார்டின் பயோஸை, அதாவது அதன் உள்ளே பதிந்த மென்பொருளை, மாற்றி, புதிய பெயர் சூட்டி விற்கும் மோசடியாக இருக்கலாம். மகனிடம் ஜி.பி.யூ-இசட் என்ற இலவச மென்பொருளைத் தரவிறக்கச் சொல்லுங்கள். போலிகளைக் கண்டால் பெயருக்கு முன்னால் ‘போலி’ என்று அதுவே ஆங்கிலத்தில் காட்டும். கார்டின் பின்னால் நீலநிற வி.ஜி.ஏ துளை இருந்தாலும் சந்தேகப்படவேண்டும்.

திரையைப் படம் எடுங்கள். விளம்பரம், குறுஞ்செய்திகள், வங்கிச் சீட்டு எதையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள்; 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறையிடவேண்டும், ஆகவே தள்ளிப்போடவேண்டாம். 1977 என்ற இலக்கத்தில் வழி கேட்கலாம். விற்றவரின் வங்கிக் கணக்கு இலக்கத்தோடு பொலிஸிலும் முறைப்பாடு செய்யுங்கள். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வணிகரின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. முறைப்பாட்டுக் கடிதம் எழுத உதவி வேண்டுமானால் விவரங்களை அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.

கேள்வி: உப்புக்காற்றில் கேசிங் துருப்பிடித்திருக்கிறது. பெயின்ற் அடிக்கலாமா? (சாம்பல்தீவு)

பதில்: எல்லாவற்றையும் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, பிறைமர் பூசிய பிறகு அடியுங்கள். பவர் சப்ளையும் போர்ட்டும் திருகும் இடங்களில் பெயின்ற் படக்கூடாது. அங்கே இரும்போடு இரும்பு தொட்டால்தான் எர்த் கிடைக்கும்.