புறநகரில் சைக்கிள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்னையின் புறநகர் மாநகராட்சிகள் சைக்கிள் பயணத்தை ஊக்குவிக்கத் திட்டமிட வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் நான்கிற்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் பகுதியில் இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தாலே ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட தெருக்களில் சைக்கிள் பாதை கேட்பது நடக்கிற காரியமா? மாநகராட்சி எங்கிருந்துதான் தொடங்குவது? (வாசகி, சேலையூர்)

சைக்கிள் பாதை என்றதும் கடற்கரையோரம் வண்ணம் பூசிய நீண்ட தடம்தான் பலர் மனதில் எழுகிறது. புறநகரின் தேவை அதுவன்று. சேலையூரிலிருந்து பாரிமுனைக்கு வேலைக்குப் போகிறவர் அவ்வளவு தூரமும் சைக்கிள் மிதிக்கப் போவதில்லை; மின்சார ரயிலில்தான் போவார். வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரையிலான இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குத்தான் அவர் இன்று பைக்கையோ ஷேர் ஆட்டோவையோ நம்பியிருக்கிறார். பள்ளியும் காய்கறிக் கடையும் ரேஷன் கடையும் பெரும்பாலும் அந்தத் தொலைவுக்குள்ளேயே இருக்கின்றன. எனவே ரயில் நிலையத்தையும் பள்ளிகளையும் நடுவில் வைத்து, அவற்றை நோக்கி வரும் குறும்பயணங்களுக்காகத் திட்டமிடுவதே புறநகர் மாநகராட்சியின் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இதற்கு இப்போது நல்ல வாய்ப்பும் இருக்கிறது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றிணைத்து 70 வார்டுகளுடன் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டது. அதுவரை செம்பாக்கம் நகராட்சி, சிட்லபாக்கம் பேரூராட்சி, மாடம்பாக்கம் பேரூராட்சி என்று தனித்தனி நிர்வாகங்கள் தத்தம் எல்லைக்குள் சாலை போட்டுக்கொண்டிருந்த நிலை மாறி, இவை அனைத்திலிருந்தும் ரயில் நிலையங்களை நோக்கிச் செல்லும் உள்தெருக்களை ஒரே வரைபடத்தில் இணைத்துப் பார்க்கக்கூடிய ஓர் அமைப்பு இன்று இருக்கிறது.

உங்கள் தெரு குறுகலானது என்பது பெரிய தடையன்று. பேருந்தும் லாரியும் ஓடும் தாம்பரம் – வேளச்சேரி சாலை போன்றவற்றில்தான் கரைகட்டிப் பிரித்த தனிப்பாதை கட்டாயம் தேவை. ஒருவரை ஒருவர் முந்திச் செல்ல இடம் வேண்டுமென்பதால் அது இரண்டு மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். உள்தெருக்களில் பாதையைப் பிரிக்க வேண்டாம், வேகத்தைக் குறைத்தால் போதும். நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் சாலைப் பாதுகாப்புப் பிரகடனம் வலியுறுத்துகிறது. பலகை மட்டும் வைத்து இதைச் சாதிக்க முடியாது. பிரதான சாலையின் நெரிசலைத் தவிர்க்கக் குறுக்கே புகுந்து வரும் கார்கள் உள்ளே நுழைய முடியாதபடி, ஆனால் சைக்கிளும் நடப்பவர்களும் தாராளமாகப் போகும்படி, சில தெருமுனைகளில் இடைவெளி விட்டுக் கட்டைகள் நடுவதே பலன் தரும்.

அடுத்தது நுணுக்கமான வேலைகள். பல தெருக்களில் மழைநீர் வடிகால் மூடியின் இரும்புக் கம்பிகள் சாலையின் நீளவாக்கில் பதிக்கப்பட்டிருக்கின்றன. சைக்கிளின் ஒல்லியான முன்சக்கரம் அந்த இடுக்கில் இறங்கினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழ வேண்டியதுதான். மூடியைத் திருப்பிப் போட்டு, கம்பிகள் குறுக்குவாக்கில் வரும்படி செய்தாலே ஆபத்து நீங்கிவிடும். அதுபோலவே, ரயில் நிலையச் சுரங்கப்பாதையின் படிகளில் ஓரமாக ஒரு சாய்தளக் கால்வாய் அமைத்தால், சைக்கிளைத் தோளில் சுமக்காமல் உருட்டிக்கொண்டே மறுபக்கம் போகலாம். நிலைய வாசலுக்கு அருகிலேயே, கூரையும் காவலும் கொண்ட சைக்கிள் ஸ்டாண்டு வேண்டும். மாலையில் திரும்பி வரும்போது சைக்கிள் இருக்குமோ இருக்காதோ என்ற கவலை உள்ளவரை எவரும் அதை நிலையத்துக்கு எடுத்து வரமாட்டார்கள்.

கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த இடமில்லை என்றால் வாடிக்கையாளர்கள் வேறு தெருவுக்குப் போய்விடுவார்கள். எங்களைப் போன்ற சிறு வியாபாரிகளை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? (வாசகர், குரோம்பேட்டை)

உங்கள் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. இதே அச்சத்தை வேறு ஊர்களும் சந்தித்திருக்கின்றன. லண்டனின் வடகிழக்குப் புறநகரான வால்தம் ஃபாரஸ்ட் உள்ளாட்சி மன்றத்துக்கு, குடியிருப்புப் பகுதிகளைச் சைக்கிளுக்கு ஏற்றவையாக மாற்றுவதற்காக 2014இல் சுமார் 2 கோடியே 70 லட்சம் பவுண்டு ஒதுக்கப்பட்டது. குறுக்கு வழியாகக் கார்கள் நுழையும் தெருக்களை அடைத்து, ஆர்ஃபோர்ட் ரோடு என்ற கடைத்தெருவில் பகல் நேரத்தில் பெரும்பாலான வாகனங்களை நிறுத்தியபோது, கடைத்தெருவே செத்துவிட்டது என்று சவப்பெட்டியைச் சுமந்து ஊர்வலம் போனார்கள். ஆனால் கடைத்தெரு சாகவில்லை. இன்று அது நடந்து வருபவர்களால் நிறைந்திருக்கிறது. ஓராண்டுக்குப் பிறகு நடந்த ஆய்வில், இந்த மாற்றங்கள் நிகழ்ந்த பகுதிகளின் மக்கள் மற்ற பகுதி மக்களைவிட வாரத்துக்கு 41 நிமிடம் கூடுதலாக நடப்பதும் சைக்கிள் ஓட்டுவதுமாக இருந்தது தெரிந்தது. அதில் 32 நிமிடம் நடை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனெனில் நடந்து போகிறவர்தான் கடையை எட்டிப் பார்ப்பவர்.

அதற்காக லண்டனில் நடந்தது குரோம்பேட்டையிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டோம். சரக்கு இறக்கும் வண்டிக்குக் காலையில் நேரம் ஒதுக்க வேண்டும். அதை எழுத்தில் உறுதி செய்யும்படி நீங்கள் கேட்பது நியாயம். அதே சமயம், ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள்கள் நிற்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பிளஸ் ஒன் மாணவிகளுக்கு அரசு சைக்கிள் தருகிறது. ஆனால் சாலையைப் பார்த்துப் பயந்து பெற்றோர் அதை வீட்டிலேயே பூட்டி வைக்கிறார்கள். பயிற்சி கொடுத்தால் பயன் இருக்குமா? (ஆசிரியை, ஆவடி)

பயிற்சியால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே மகத்தான சான்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவாக நின்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் குழந்தையை உட்கார வைக்க அந்தப் பார் வசதியாக இருந்தது. கேலியும் எதிர்ப்பும் இருந்தன. கூட்டமாகக் கற்றதால் அவற்றைத் தாங்கும் துணிவும் வந்தது.

ஆனால் உங்கள் மாணவிகளின் பெற்றோர் பயப்படுவது கேலிக்காக அன்று, டிப்பர் லாரிக்காக. விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கென்று தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பயிலும் இருபாலருக்கும் விரிந்தது. ஆண்டுதோறும் பல லட்சம் சைக்கிள்களைக் கொடுக்கும் ஒரு மாநிலத்தில், அவற்றை அச்சமின்றி ஓட்டத் தெருக்கள் இல்லை என்பது பொறுத்துக்கொள்ளக்கூடியதன்று. பள்ளி வாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் மணியடிக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் கனரக வாகனங்களைத் தடுப்பதும், சாலையைக் கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவதும் அதிகச் செலவு பிடிக்காதவை. இந்த இரண்டையும் செய்துவிட்டுப் பயிற்சியும் கொடுத்தால், பெற்றோர் பூட்டைத் திறப்பார்கள்.

இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? (வாசகர், பம்மல்)

முதலில் சாலை யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்தெருவும் வடிகாலும் மாநகராட்சியின் பொறுப்பு. ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் கிராண்ட் சதர்ன் டிரங்க் நெடுஞ்சாலை மாநகராட்சியிடம் இல்லை. அதற்கு நெடுஞ்சாலைத் துறையை அணுக வேண்டும். நிலைய வளாகத்து ஸ்டாண்டு ரயில்வேயுடையது. வேகக் கட்டுப்பாடு போக்குவரத்துக் காவல் துறையோடு தொடர்புடையது. இவர்கள் அனைவரையும் ஒரே மேசைக்கு அழைக்கும்படி மாநகராட்சி ஆணையரையும் மேயரையும் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. வார்டு அளவில் கேட்க, பகுதி மக்கள் கூடித் தங்கள் குறைகளைப் பேசும் பகுதி சபை இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று உங்கள் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்துக்குத்தான் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வந்து கலந்துகொண்டார். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது 'சைக்கிள் பாதை வேண்டும்' என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தெருவில் எந்த மூடி, எந்தப் பள்ளிக்கு முன்னால் எந்தத் திருப்பம் என்று படத்துடன் எழுதிக் கொடுத்து, மனு பெற்றதற்கான ஒப்புகையைக் கவுன்சிலரிடம் கையெழுத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள்.