போனுக்குத் தனி வி-லேன் போட்டால் போதுமா?

கேள்வி: ஐபி போன்களுக்கு (நெட்வொர்க் வழியே பேசும் போன்கள்) தனி வி-லேன் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பிரிவு) போட்டிருக்கிறோம். ஆனாலும் கேமரா பதிவுகள் சர்வருக்கு ஏறும் நேரத்தில் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. ஏன்?

பதில்: வி-லேன் கருவிகளைப் பிரிக்கும், அவ்வளவுதான். யார் முதலில் போவது என்பதை அது தீர்மானிக்காது. இரண்டு ஸ்விட்ச்களுக்கு நடுவே ஓடுவது எல்லா வி-லேன்களையும் சுமக்கும் ஒரே ட்ரங்க் கேபிள்தானே? அங்கே நெரிசல் வந்தால் போனும் கேமராவும் ஒரே வரிசையில்தான் நிற்கும்.

தரவுப் பொட்டலத்தில் ஒட்டப்படும் குறிச்சீட்டான 802.1கியூ டேக்கின் நீளம் 4 பைட். அதில் 12 பிட் வி-லேன் எண்ணுக்கு, 3 பிட் முன்னுரிமைக்கு (0 முதல் 7 வரை). அந்த 3 பிட் உங்களிடம் 0-வாகவே இருக்கக்கூடும். குரலுக்கு 5 கொடுங்கள். அதோடு நிற்காமல், ஸ்விட்ச்சில் க்யூஓஎஸ் (முன்னுரிமைப்படி அனுப்பும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா, 5 எந்த க்யூவில் (வரிசையில்) போய் விழுகிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். போன் 5 என்று போட்டு அனுப்பும். போர்ட் அதை நம்பாமல் 0 ஆக்கிவிடும். ஜி.711 (குரலை எண்ணாக்கும் ஒரு முறை) அழைப்பு ஒன்று ஒரு திசையில் நொடிக்கு 100 கிலோபிட்கூட எடுக்காது. அதை முன்னால் விடுவதால் கேமராவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: எல்லாவற்றுக்கும் 7 கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மறுபடி ஒரே வரிசைதான். 6, 7 இரண்டையும் நெட்வொர்க்கின் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு விட்டுவிடுங்கள். பேக்கப்புக்கு 1 கொடுக்கலாம். வழக்கமான வரிசைப்படி 1 என்பது 0-வையும்விடக் கீழே.

கேள்வி: போனுக்குப் பின்னால் கணினியும் இணைந்திருக்கிறது. அதிலிருந்து யாராவது 5 போட்டு அனுப்பினால்?

பதில்: போனை மட்டும் நம்பும்படி அமையுங்கள். கணினியிலிருந்து வருவதை 0 ஆக்கச் சொல்லலாம்.

கேள்வி: எங்கள் 1 ஜிகாபிட் இணைப்பில் 10 சதவீதம்தான் பயன்படுகிறது. முன்னுரிமை தேவையா?

பதில்: சராசரியை நம்பாதீர்கள். ஐந்து நிமிடச் சராசரி 10 என்று காட்டும்போதே, நான்கைந்து போர்ட்டுகள் ஒரே மில்லிசெகண்டில் ஒரு அப்லிங்க்கை (அடுத்த ஸ்விட்ச்சுக்குப் போகும் இணைப்பு) நோக்கிப் பாய்ந்து அதன் பஃபரை (காத்திருப்பு நினைவகத்தை) நிரப்பிவிட முடியும். அப்லிங்க் போர்ட்டின் அவுட்புட் டிராப் (அனுப்ப முடியாமல் கைவிட்ட பொட்டலங்கள்) எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். குரல் உடைந்ததும் மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால் முன்னுரிமை கட்டாயம் தேவை. ஏறவே இல்லையென்றால் அந்த அப்லிங்க்கை விட்டுவிட்டு, இணையத்துக்குப் போகும் ரவுட்டர் பக்கம் தேடுங்கள். அந்த இணைப்பு பெரும்பாலும் 1 ஜிகாபிட்டைவிடக் குறைவாகவே இருக்கும்.