இரும்பு வேலை தெரியாததால்தான் பீரங்கிக்கு முன்னால் தோற்றோமா?

கேட்டிருக்கும் கேள்வி இது: "ஆயுதங்களும் போர் முறைகளும் வரலாற்றில் எப்படி மாறின? வாளும் வேலும் வைத்திருந்த நம் ஆட்கள் பீரங்கி வந்ததும் தோற்றதற்கு, நமக்கு இரும்பு வேலை சரியாகத் தெரியாததுதான் காரணமா?"

முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன். அதற்குப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டாவது பாதியைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நான் கொல்லர் வீட்டுப் பிள்ளை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஊர். அப்பா, தாத்தா, அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் உலைக்கு முன்னால் உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவர்கள். "இரும்பு வேலை தெரியாது" என்று யாராவது சொன்னால் அது எனக்கு என் வீட்டைச் சொன்ன மாதிரிதான் படும்.

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பியாகவோ தங்கையாகவோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வெடிமருந்து வந்தது, பழைய படைகள் வீழ்ந்தன என்று தேர்வுக் குறிப்புகளில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி உங்களை இப்படி யோசிக்க வைத்திருந்தால் அது உங்கள் தப்பு இல்லை.

2011-இல் அப்பாவைக் கண்புரை பார்ப்பதற்காகத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போயிருந்தேன். நாற்பது வருடம் நெருப்பைப் பார்த்த கண். வேலை முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "இங்க ஒரு பெரிய பீரங்கி இருக்காமே, அதப் பாத்துட்டுப் போவோம்" என்றார். கீழவாசல் பக்கம், பழைய கோட்டைச் சுவர் மேல் இருக்கிற பீரங்கி மேட்டுக்கு ஆட்டோவில் போனோம். ராஜகோபால பீரங்கி என்பார்கள். ரகுநாத நாயக்கர் காலம், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஏறத்தாழ ஏழரை மீட்டர் நீளம், 22 டன் எடை.

அப்பாவுக்குப் பார்வை மங்கலாக இருந்ததால் கையால்தான் பார்த்தார். பின்பக்கம் ஆரம்பித்து வாய் வரைக்கும் தடவிக்கொண்டே போனார். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நகம் ஓரிடத்திலும் உள்ளே இறங்கவில்லை. குழாய் வாய்க்குள் கையை விட்டு உட்பக்கத்தையும் தடவினார். அப்புறம் என்னிடம் சொன்னது: "இது வண்டிப் பட்டைடா தம்பி. வார்த்தது இல்ல, அடிச்சது."

கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுவதைப் பார்த்தவர்கள் இன்று குறைவு. அதனால் சொல்கிறேன். சக்கரத்தின் சுற்றளவைவிடப் பட்டையின் சுற்றளவை ஒரு துளி குறைத்து வளைப்பார்கள். பட்டையைத் தரையில் போட்டு, சுற்றிலும் வறட்டி அடுக்கிக் கொளுத்தி, சிவக்கக் காய்ந்ததும் மூன்று பேர் குறடு போட்டுத் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். மரம் புகையும். சம்மட்டியால் இரண்டு தட்டு, உடனே தண்ணீர். சின்ன வயதில் அந்தத் தண்ணீரை ஊற்றுவது என் வேலை; வாய்க்காலில் மொண்டு குடத்தோடு தயாராக நிற்பேன். கொஞ்சம் தாமதித்தால் மரம் கருகிப்போகும். சரியாக ஊற்றினால் இரும்பு சுருங்கி, ஆரக்கால்கள் எல்லாம் முனகிக்கொண்டு இறுகும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பீரங்கியிலும் அதே கணக்குதான், அளவுதான் வேறு. நீள நீளமான இரும்புப் பட்டைகளைக் குழாய்போல அடுக்கி, அதன்மேல் வளையங்களைக் காய்ச்சி ஏற்றி, அடித்து ஒட்டியிருக்கிறார்கள். "எத்தன உலை ஒரே நேரத்துல எரிஞ்சிருக்கும்! ஒருத்தன் அசந்திருந்தாலும் போயிருக்கும். எவனோ கை உள்ளவனுவ" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். கிளம்புகிற நேரத்தில் நின்று, "ஆமா, இத எப்படிடா திருப்புவானுவ?" என்று கேட்டார்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன். உங்கள் கேள்விக்கு நான் சொல்லப்போகிற பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

தரங்கம்பாடிக்கு 1620-இல் வந்த டேனிஷ்காரர்கள் சொல்லிக்கொடுத்துச் செய்ததுதானே என்று கீழே யாராவது எழுதுவீர்கள். இப்படிப் பட்டையும் வளையமுமாகப் பீரங்கி செய்வது ஐரோப்பாவிலும் இருந்ததுதான். ஸ்காட்லாந்தில் இருக்கிற மான்ஸ் மெக் என்ற பீரங்கி 1449-இல் செய்தது. ஆனால் 1543-லேயே இங்கிலாந்தில் வார்ப்பிரும்புப் பீரங்கி வந்துவிட்டது. ஐரோப்பா அந்தப் பழைய வேலையிலிருந்து விலகிக்கொண்டிருந்த காலத்தில், இவ்வளவு பெரிய அளவில் அதைச் செய்து முடித்தது நம் ஊர் உலை. வார்க்கவும் நமக்குத் தெரியும். பீஜப்பூரில் இருக்கிற, 1549-ஐச் சேர்ந்த மாலிக்-இ-மைதான் என்ற பீரங்கி முழுக்க வெண்கல வார்ப்பு. தஞ்சாவூருக்குப் பக்கத்துச் சுவாமிமலையில் இன்றும் மெழுகு வைத்துச் சிலை வார்க்கிறார்கள். ஆக, தெரியாமல் தோற்றோம் என்பது நிற்காது.

சரி, பிறகு எதனால்? பழைய கதையிலிருந்து வருகிறேன், சுருக்கமாக.

எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் போகிற வழியில் கோயில்வெண்ணி வரும். கரிகாலன் வெண்ணிப் போரில் வென்ற இடம். அங்கே மார்பில் பாய்ந்த வேல் முதுகு வழியாக வெளியே வந்ததைப் புறப்புண்ணாக எண்ணி நாணி, சேரன் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தான், அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விட்டான். அந்த ஊர்ப் பெண்ணான வெண்ணிக் குயத்தியார், வென்ற கரிகாலனைப் பார்த்தே "உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா" என்று கேட்கிற பாட்டுதான் புறநானூறு 66. அன்றைக்குப் போர் ஆளை ஆள் பார்த்து நடந்தது. எறிந்தவன் யார், புண் எந்தப் பக்கம் என்பதெல்லாம் தெரிகிற தூரத்தில். துப்பாக்கி வந்தபின் அந்தத் தூரமே போய்விட்டது. இத்தனை ஆயுத மாற்றத்திலும் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

சோழர் காலத்தில் தனி வீரனைவிடப் படைப்பிரிவு பெரிதாகிவிட்டது. பெரிய கோயில் கல்வெட்டுகளில் வில்லிகள், குதிரைச் சேவகர், ஆனையாட்கள், கைக்கோளர், வேளைக்காரர் என்று ஒவ்வொரு படையும் தனிப் பெயரோடு வருகிறது. ஆனால் தலைவன் யானை மேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உட்கார வேண்டும் என்ற வழக்கம் மாறவில்லை. 949-இல் தக்கோலத்தில் இராசாதித்தன் யானை மேலேயே இறந்தான், சோழர் படை தோற்றது. 1054-இல் கொப்பத்தில் இராசாதிராசனும் யானை மேலேயே இறந்தான். அங்கே தம்பி இராசேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டு படையைத் திருப்பி நிறுத்தியதால் ஜெயித்தார்கள். சோழர் பெருமையைக் குறைக்கிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். கொப்பத்தில் கலையாமல் நின்ற அந்தப் படை ஒழுங்கைத்தான் நான் பெருமையாக நினைக்கிறேன்.

இப்போது பீரங்கிக்கு வருகிறேன். 22 டன் பீரங்கி கோட்டை மேல் நிற்கும். எதிரி அதன் வாய்க்கு நேராக வந்தால் சுடலாம், வராவிட்டால் இல்லை. அப்பா கேட்ட கேள்வி இதுதான். அதே காலத்தில் ஐரோப்பாவில் என்ன செய்தார்கள்? ஹாலந்தில் மாரிஸ் என்ற தளபதி 1590-களில் துப்பாக்கிக்காரர்களை வரிசை வரிசையாக நிறுத்தினார். முன்வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போய் மருந்து கெட்டிக்க, அடுத்த வரிசை சுட வேண்டும். சுவீடன் அரசன் குஸ்தாவ் அடால்ஃப் 1631-இல் பிரைட்டன்ஃபெல்டில், ஆட்களே இழுத்துப் போகிற சின்னப் பீரங்கிகளோடு ஜெயித்தார். 1700 வாக்கில் திரி போய்ச் சக்கிமுக்கிக் கல் வைத்த துப்பாக்கி வந்தது. அதன் முனையில் குத்துவாள் மாட்டியதும் ஈட்டிக்காரனே தேவையில்லாமல் போனான். பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை சுடுவான்.

இதன் விளைவு 1746 அக்டோபரில் அடையாற்றங்கரையில் தெரிந்தது. ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கான் பக்கம் சுமார் பத்தாயிரம் பேர், பீரங்கியும் உண்டு. எதிரே பிரெஞ்சுத் தளபதி பாரடியின் கீழ் ஏறத்தாழ ஆயிரம் பேர், அதில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்தான். ஒரு பீரங்கி கால் மணிக்கு ஒரு தடவை சுட்டால் அதுவே வேகம் என்று பழகியிருந்தவர்கள், நிற்காமல் வந்த குண்டுகளுக்கு முன் கலைந்து ஓடினார்கள். இரும்பு இரண்டு பக்கமும் இருந்தது. ஆளும் இரண்டு பக்கமும் நம் நாட்டு ஆள்தான். ஒரு பக்கத்தில் மாதாமாதம் சம்பளமும் தினசரிப் பயிற்சியும் இருந்தன. மூன்று வருடம் கழித்து, 1749-இல், கொள்ளிட முகத்துவாரத்தில் இருந்த தேவிகோட்டை ஆங்கிலேயரிடம் போனது.

அதற்காக வெள்ளைக்காரன் எப்போதும் ஜெயித்தான் என்று எழுதிவிடாதீர்கள். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சாவூரை முற்றுகையிட்டார். வெடிமருந்தும் சாப்பாடும் பற்றாமல், ஆங்கிலக் கப்பல்கள் காரைக்கால் பக்கம் வந்துவிட்ட செய்தியும் சேர, ஆகஸ்டில் விட்டுவிட்டுப் போனார். டெல்டாவின் சேறே அந்நாள் படைகளுக்கு ஒரு எதிரி. தண்ணீர் பாய்ந்து நிற்கிற வயலில் குதிரையும் ஓடாது, பீரங்கி வண்டியும் உருளாது; படை வரப்பிலும் ஆற்றங்கரையிலும்தான் போக முடியும். 1782 பிப்ரவரியில் கும்பகோணம் பக்கம் கொள்ளிடக் கரையில் பிரெய்த்வெயிட்டின் ஆங்கிலப் படையைத் திப்பு வளைத்து நொறுக்கினார்.

ஆனால் அந்தப் போரின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1781-இல் திப்புவின் அப்பா, மைசூர் ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமைக்குள் வந்து, பயிரையும் பாசனத்தையும் அழித்து, ஆடுமாடுகளையும் ஆட்களையும் ஓட்டிப் போனது. "ஹைதர் கலாபம்" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். எந்தப் பீரங்கியும் செய்யாத சேதத்தை வெட்டுப்பட்ட மடையும் உடைந்த கரையும் செய்தன. ஆயுதம் எப்படி மாறியது என்று எழுதுகிறவர்கள் இதை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அப்புறம் ஒன்று. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். இப்போது பட்டறையை அண்ணன் பார்க்கிறார். கதிர் அறுக்கிற இயந்திரம் வந்த பிறகு கருக்கரிவாள் வாங்க ஆள் இல்லை. அய்யனார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு செய்கிற அரிவாளும் வேலும்தான் ஓரளவு கை கொடுக்கிறது. எங்கோ ஒரு வெட்டுக்குத்து நடந்தால் மறுநாள் அண்ணனைக் கூப்பிட்டு, யாருக்கு அரிவாள் அடித்தாய், நோட்டைக் காட்டு, கேமரா வை என்கிறார்கள். வாங்குகிறவர் ஆதார் நகலை வாங்கி வைக்கச் சொல்கிறார்கள். தேங்காய் வெட்ட அரிவாள் வாங்க வருகிற கிழவியிடம் எப்படி ஆதார் கேட்பது? விசாரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேர்த்திக்கடன் அரிவாள் அடிக்கிற மனிதரை ஸ்டேஷன் வாசலில் மத்தியானம் வரைக்கும் நிற்க வைப்பதைத்தான் சொல்கிறேன். அப்பா இருந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டார்.

உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். பீரங்கி மேட்டுக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். பெரிய கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் பலர் அங்கே போவதில்லை. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் இரும்பைத் தொட முடியாது. பின்பக்கத்திலிருந்து வாய் வரைக்கும் கையை வைத்துக்கொண்டே நடங்கள். வளையங்களுக்கு நடுவில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்.